காவும் பீடமும் கூறும் வரலாறு

நம் வரலாறு எங்கே எழுதப்பட்டுள்ளது? கழகத்தின் மாலை வகுப்புகளில் பயின்ற மாணவர்கள் நம்மிடம் பலமுறை கேட்ட வினா இது. பாடநூலில் சேரர் உண்டு, பாண்டியர் உண்டு, வேணாட்டரசர் உண்டு. மார்த்தாண்ட வர்மர் 1741-ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரை வென்ற செய்தியும் உண்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில்களின் சுவர்களை நோக்கினால், விளக்குக்கு நெய் அளித்தவர் பெயரும் நிலம் ஈந்தவர் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நிலத்தை உழுதவர் பெயர் இல்லை. குளத்தை வெட்டியவர் பெயர் இல்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் நட்டு அறுத்தவர் பெயர் இல்லை.

ஓலைகளில் நம் முன்னோர் வருகிறார்கள்; ஆனால் எவ்வாறு வருகிறார்கள்? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக் கண்ட அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில், நிலத்தையும் மாட்டையும் போல விலை பேசப்பட்ட அடிமைகளாகவே அவர்களைக் காண்கிறோம். விற்றவன் எழுதியதும் வாங்கியவன் எழுதியதும் உள்ளன. விற்கப்பட்டவன் எழுதியது ஒன்றேனும் இல்லை. ஏனெனில் அவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது.

ஆயினும், எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் நினைவையும் இழந்துவிட்டார்கள் என்று கொள்வது தவறு. அவர்கள் தம் நினைவை மரத்தடியில் வைத்தார்கள், பீடமாக எழுப்பினார்கள், பாட்டாகப் பாடினார்கள், ஆண்டுக்கொருமுறை கொடை கொடுத்து அதனைப் புதுப்பித்தார்கள். வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்தக் காவுகளையும் பீடங்களையும் வரலாற்றுச் சான்றுகளாக நோக்குமாறு நம் இளைஞர்களை அழைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவு என்னும் சொல்

'கா' என்பது சோலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதனோடு உறவுடைய 'காவு' என்னும் சொல், நம் மாவட்டத்திலும் மலையாள நாட்டிலும் தெய்வம் உறையும் சோலையைக் குறிக்கும். சங்க காலத்து அரசர்க்குக் காவல் மரங்கள் இருந்தன. பகைவனை வென்றவன் அவனுடைய காவல் மரத்தை வெட்டினான். சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்து கூறுகிறது. மரத்தை வீழ்த்தினால் குலத்தின் மானத்தையே வீழ்த்தியதாக அக்கால மக்கள் கருதினர்.

புறநானூற்றின் 335-ஆம் பாட்டைப் பாடிய மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைச் சிறப்பித்துச் சொல்கிறார். போரில் களிற்றை வீழ்த்தி மாண்ட வீரனின் நடுகல்லையன்றி நெல் தூவி வணங்கத்தக்க தெய்வம் வேறில்லை என்னும் கருத்தும் அப்பாட்டிலேயே வருகிறது. பிற்காலம் இழிவென்று ஒதுக்கிய ஒரு பெயர், குடிப்பெருமையோடு நிற்கும் இடம் அது. இறந்தோரை வணங்கும் நம் பீடங்களுக்குரிய பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று.

நம் மாவட்டத்துக் காவுகள் பெருங்காடுகள் அல்ல. பெரும்பாலானவை சில சென்ட் நிலத்தில் அடங்குபவை. குளக்கரையில் சாஸ்தா காவு, தறவாட்டுப் புரையிடத்தின் மூலையில் நாகர் காவு, வயல் வரம்பில் இசக்கி, சுடுகாட்டோரம் சுடலைமாடன் என அவை அமைந்திருக்கும். ஆலும் அரசும் வேம்பும் பனையும் அடர்ந்த நிழலில், மண்ணாலோ செங்கல்லாலோ எழுப்பிய பீடம் நிற்கும். உருவம் பெரும்பாலும் இராது. கூரையும் இராது.

1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த வார்டு, கானர் என்னும் ஆங்கிலேய அதிகாரிகள், அந்நாட்டில் ஏறத்தாழ 15,000 காவுகள் இருந்ததாகக் குறித்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த நம் பகுதியும் அப்போது அந்நாட்டில்தான் அடங்கியிருந்தது. அந்தக் காவுகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அகஸ்தீஸ்வரம் வட்டத்துச் சிறு காவுகளில் வளரும் செடிகொடிகளைத் தாவரவியல் அறிஞர்கள் எண்ணிப் பட்டியலிட்டு 2008-இல் வெளியிட்டனர். காவுகளின் தாவரங்களுக்குப் பட்டியல் உண்டு. அவற்றின் கதைகளுக்கு யார் பட்டியல் எழுதினர்?

கோயிலுக்கு முன்னே மரம்

இன்று வானளாவக் கோபுரம் கொண்ட பெருங்கோயில்களும் ஒரு காலத்தில் மரத்தடியாகவும் புற்றாகவும் இருந்தவையே. சுசீந்திரத்தின் தலபுராணப் பெயர் 'ஞானாரணியம்'. அரணியம் என்றால் காடு. அக்கோயிலின் உள்ளே கொன்றை மரத்தடியைத் தனிச் சன்னதியாக இன்றும் போற்றுகின்றனர். மண்டைக்காட்டில் வணங்கப்படும் பகவதி, சிற்பி செதுக்கிய சிலை அல்லள். மண்ணிலிருந்து எழுந்த புற்று.

நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலை நோக்குவோம். அதன் கருவறைக்குக் கல்லோ ஓடோ கிடையாது, ஓலைக் கூரைதான். பக்தர்க்கு அளிக்கப்படும் பிரசாதம், கருவறையின் ஈர மண். கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விட்ட 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. நாகர் காவு, சமணப் பள்ளி, வைதிகக் கோயில் என வழிபாடு மாறியபோதும், ஓலைக் கூரையும் ஈர மண்ணும் மாறவில்லை. கட்டடத்தின் மிகப் பழைய பகுதி, நிலையற்ற அந்த ஓலைதான்! சிதறால் மலையிலும் இவ்வாறே, 9-ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் உறைந்த குகைப்பள்ளி பின்னாளில் பகவதி கோயிலாயிற்று.

நாகராஜா கோயிலின் தோற்றம் குறித்து ஊரார் கூறும் கதை நாம் அறிந்ததே. புல்லறுக்கச் சென்ற பெண்ணொருத்தியின் அரிவாள், புதரிலிருந்த நாகக் கல்லில் பட்டுக் குருதி கசிந்ததாம். அதனைக் கண்டு ஊர் திரண்டதாம். கதையை நாம் வரலாறென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், தெய்வத்தை முதலில் கண்டவள் புல்லறுக்கும் உழைப்பாளி என்பதைக் கதை மறக்கவில்லை. கதையில் அவளுக்குப் பெயரில்லை. கோயில் வளர்ந்தபின் அவளைப் போன்றோர்க்கு அதனுள் இடமும் இல்லை. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியதாயிற்று. 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிக்கை வெளிவந்த பிறகே திருவிதாங்கூரின் அரசுக் கோயில்களில் நம்மவர் கால் வைக்க முடிந்தது. வாயில்கள் அடைபட்டிருந்த அத்தனை நூற்றாண்டுகளிலும் நம் முன்னோர்க்குக் கோயிலாக இருந்தவை காவும் பீடமுமே.

கடலுக்கு அப்பால் ஒரு காவு

இவ்வகைச் சோலைகளை மண்ணியல் சான்றாகக் கொண்டு ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். அங்கே வாழும் யொரூபா மக்களின் புனித நகரம் இஃபே. யொரூபா மொழியில் 'இக்போ' என்றால் காடு, சோலை. நம் 'கா' என்ற சொல்லுக்கு நிகரானது எனலாம். இஃபே நகரில் கடலுக்கும் செல்வத்துக்கும் உரிய ஓலோக்குன் தெய்வத்தின் சோலை ஒன்று உண்டு. பெயர் இக்போ ஓலோக்குன்.

1910-இல் லியோ ஃபுரோபீனியஸ் என்னும் ஜெர்மானியர் அச்சோலைக்கு வந்தார். செம்புக் கலவையில் வார்த்த, முடியணிந்த அழகிய தலையுருவம் ஒன்றைக் கண்டார். கறுப்பின மக்கள் இத்தகைய கலையை ஆக்கியிருக்க முடியும் என்று அவரால் நம்ப இயலவில்லை. கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் கூறிய அட்லாண்டிஸ் நாட்டவர் அங்கே குடியேறி ஆக்கியவை என்று எழுதினார். சோலையை வழிபட்டு வந்த மக்கள் எதிரிலேயே நின்றனர். அவர்களுடைய முன்னோரின் கைத்திறனை மட்டும் அவர் ஏற்கவில்லை. பிற்கால அகழாய்வுகள் அக்கூற்றைப் பொய்யாக்கின. இஃபேயின் உருவங்கள் அந்நகரத்தாரே ஆக்கியவை என்பது இன்று உலகம் ஒப்பிய உண்மை.

கண்ணாடி மணிகளைப் பற்றியும் இவ்வாறே கருதினர். சோலையில் கிடைத்த மணிகளுக்குரிய கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்ததென்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. நைஜீரியாவைச் சேர்ந்த தொல்லியலாளர் பாபாதுண்டே பாபலோலா 2010-க்குப் பின் அங்கே அகழ்ந்தார். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளும், கண்ணாடி உருக்கிய மூசைகளின் நூற்றுக்கணக்கான துண்டுகளும், உலைக் கழிவுகளும் வெளிப்பட்டன. 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை, உள்ளூர் மண்ணையும் கல்லையும் கொண்டு, தமக்கேயுரிய முறையில் அம்மக்கள் கண்ணாடி ஆக்கினர் என்பது நிறுவப்பட்டது. இன்று தெய்வம் உறையும் சோலை, அன்று உழைப்பாளர் உலையூதிய பட்டறை! பட்டறை மறைந்தது, காடு வளர்ந்தது, செல்வத்தின் தெய்வம் அங்கே குடியேறியது. அங்கே செல்வம் பிறந்தது என்ற நினைவைச் சோலை காத்து வைத்திருந்தது.

யொரூபா நாட்டின் மற்றொரு நகரமான ஓசோக்போவில், ஆற்றுத் தெய்வமான ஓசுனின் சோலை 75 ஹெக்டேர் பரப்பில் உள்ளது. 1950-களில் அதுவும் மரம் வெட்டப்பட்டு அழியும் நிலையில் இருந்தது. 1950-இல் நைஜீரியாவுக்கு வந்த ஆஸ்திரியக் கலைஞர் சூசன் வெங்கரும் உள்ளூர்க் கொத்தரும் சிற்பியரும் கூடி அதனைக் காத்தனர். புதிய உருவங்களையும் அமைத்தனர். 2005-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பலர் வேறு சமயங்களைத் தழுவிய பின்னரும், ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நகரமே அச்சோலையின் விழாவில் கூடுகிறது.

யொரூபா மக்களுள் பல்லாயிரவர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அட்லாண்டிக் கடலைக் கடந்தனர். அவர்கள் கையில் எதையும் கொண்டு செல்ல முடியவில்லை. ஓசுன் தெய்வத்தின் பெயரை நாவில் கொண்டு சென்றனர். பிரேசிலிலும் கியூபாவிலும் அப்பெயர் இன்றும் வாழ்கிறது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழர், ஒரு மரத்தடியில் சூலம் நட்டு முனியாண்டியையும் மாரியம்மனையும் வைத்த செய்தியோடு இதனை ஒப்பிடலாம். உடைமை எதுவுமற்றவன் கொண்டு செல்லக்கூடிய ஒரே உடைமை அவனுடைய நினைவுதான்.

பீடத்தில் நிற்பவர் யார்?

இனி நம் பீடங்களுக்குத் திரும்புவோம். ஒருசார் தெய்வங்கள் கயிலையில் பிறந்து வந்தவை என்று வில்லுப்பாட்டு கூறும். மற்றொரு சாரார் இம்மண்ணில் பிறந்து கொலையுண்டவர்கள். அவர்களை 'வெட்டுப்பட்ட வாதை' என்பர். நம் மாவட்டத்தில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பாகுபாட்டை 1988-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். நம் மாவட்டத்துப் பேராசிரியர் அ. கா. பெருமாள் ஊர் ஊராகச் சென்று இக்கதைகளைத் திரட்டி அளித்துள்ளார்.

அநியாயமாக வெட்டப்பட்டவன், ஊராரால் வஞ்சிக்கப்பட்ட பெண், நிலவுடைமையாளனை எதிர்த்து மாண்டவன் ஆகியோருக்கு அக்கால மன்றங்களில் நீதி கிடைக்கவில்லை. கொன்றவரின் வழித்தோன்றல்களே அஞ்சிப் படையல் இடும் தெய்வங்களாக அவர்கள் எழுந்தனர். வில்லடித்துக் கதை சொல்லும்போது, கொலை நடந்த கட்டத்தில்தான் சாமியாடி அருள் கொள்வார். வழக்குமன்றம் கேட்க மறுத்த வாக்குமூலத்தை ஊர் ஆண்டுதோறும் இரவு முழுதும் விழித்திருந்து கேட்டது என்றே நாம் இதனைக் கொள்கிறோம். 1836-ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரில் 1,64,864 அடிமைகள் இருந்தனர். 1855-இல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்வையும் சாவையும் அவர்கள் தரப்பில் நின்று கூறும் சான்று வேறு எங்கே உள்ளது?

பாட்டும் மாற்றப்படக் கூடியது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். முத்துப்பட்டன் கதையே இதற்குச் சான்று. அந்தணர் குலத்துப் பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்தான்; தானும் தோல் தொழிலை மேற்கொண்டான்; மாட்டுக் கிடையைக் காக்கப் பொருதி மாண்டான். அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே என்றும், காட்டில் விடப்பட்டு வளர்க்கப்பட்டவர் என்றும் பிற்காலத்தார் கதையைத் திருத்தினர். இத்திருத்தத்தை நா. வானமாமலை தம் பதிப்பில் எடுத்துக் காட்டினார். கதையைத் திருத்தியவர்களால் வழிபாட்டைத் திருத்த முடியவில்லை. பாபநாசம் மலைக்காட்டில், காரையாற்றங்கரைச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்பே காணிக்கை. ஏடு பொய் சொல்லலாம். செருப்பு உண்மையைச் சொல்கிறது.

ஆயினும் ஆய்வாளர்க்கு அடக்கம் வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளின் இடையே இரும்பு வேல்களையும் வெண்கலச் சேவலையும் கண்டார். நம் கொடையிலும் வல்லயமும் சேவலும் உண்டு. அதனால் இரண்டும் ஒரே வழிபாடு என்று துணிந்து கூறிவிடலாகாது. இடைப்பட்ட காலத்தை இணைக்கும் சான்று கிடைக்கும்வரை, ஒப்புமை என்று மட்டுமே குறித்தல் முறை. நம் பெருமைக்காகப் பொய் கூறினால், நம்மை மறைத்தவர்க்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

மாறிய வழிபாடு

இவ்வழிபாடு மாறியதற்கு நாமே காரணம் என்பதைத் தயக்கமின்றிக் கூறுவோம். அம்மாற்றத்தில் நியாயமும் இருந்தது. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் தோன்றிய மகாராசன், தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவருடைய அழைப்பின் பயனாக 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே பள்ளி எழுந்தது. புதுச் சமயம் தழுவியோர் தம் பீடங்களைத் தாமே இடித்தனர். பேயச்சத்திலிருந்து விடுபட்டோம் என்பதே அவர்கள் கண்ட விடுதலை. பீடம் இருந்த இடத்தில் பள்ளி எழுந்தால் அதனைப் பழிக்க யாருக்கு மனம் வரும்? அதே நூற்றாண்டில் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டரும் (1809–1851) உயிர்ப்பலியை விலக்கினார். பேய்க்கு அஞ்சாதே என்றார். உருவத்துக்கு மாறாகக் கண்ணாடியை வைத்தார்.

பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்சாதியார் கொடைகளில் பறையடிப்பது நம்மவர்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. நம் தாளத்துக்குத்தான் சாமி இறங்கும். ஆனால் அடித்தவனோ எட்ட நிற்க வேண்டும். "இனி அடியோம்" என்று நம் இளைஞர் மறுத்த நாள் நம் மான வரலாற்றில் ஒரு பொன்னாள். ஆனால் அன்று கீழே வைத்த பறையோடு, எந்தத் தெய்வத்துக்கு எந்த அடி என்று அறிந்திருந்த முதியோரின் அறிவும் மறைந்தது. இன்று மேடைகளில் பறையை நம் பிள்ளைகள் பெருமிதத்தோடு ஏந்துகின்றனர். மகிழ்கிறோம். அவர்களுக்குக் கற்பிக்கப் பழைய அடிகளில் எத்தனை எஞ்சியுள்ளன?

சட்டமும் தன் பங்கைச் செய்தது. உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நிறைவேற்றுமாறு தமிழக அரசு 2003-இல் ஆணையிட்டது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. சட்டத்தை விடவும் விரைவாக மாற்றியது நம் ஆசைதான். கையில் பணம் சேர்ந்ததும் மண் பீடம் கான்கிரீட் கோயிலாகிறது. மரம் வெட்டப்பட்டுத் தளம் போடப்படுகிறது. மாடனுக்கு வேறு பெயர் சூட்டப்படுகிறது. இரவு முழுதும் நடந்த வில்லுப்பாட்டு இரண்டு மணி நேரமாகச் சுருங்குகிறது.

இதனை நாம் வெளியே நின்று குறை கூறவில்லை. ஓர் ஊரில் இலுப்பை மரத்தடிப் பீடத்தைப் புதுக்கிக் கட்டிய குழுவில் நாமும் இருந்தோம். வாரந்தோறும் வரி பிரித்தோம்; ஓடு பதித்தோம்; நன்றாகவே கட்டினோம். பழைய விளக்குக் கல் உடைந்திருந்தமையால் அதனை அடித்தளத்தில் இட்டு மண் மூடினோம். குடமுழுக்கு நாளன்று முதிய பாட்டி ஒருவர் பீடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார். "எங்க அப்பனுக்க பேரு அந்தக் கல்லுல இருந்துதே மக்கா, அத எங்க போட்டிய?" என்றார். அவருடைய தந்தை, அவ்வூரில் இரவுப் பள்ளியில் எழுத்தறிந்த முதல் ஆள். தாம் கற்ற எழுத்தை முதன்முதலாக அந்தக் கல்லில்தான் கொத்தினார் என்பதை அன்றுதான் அறிந்தோம். நம்மிடம் ஒரு புகைப்படமும் இல்லை. கல்லில் இருந்ததைப் பார்த்து எழுதி வைத்த ஒரு துண்டுத் தாளும் இல்லை. கல்வெட்டுகளில் நம் பெயர் இல்லையே என்று மேடைதோறும் பேசிய நாமே, நம் பெயர் இருந்த கல்லைப் புதைத்தோம்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, இளைஞர்களே, பழைய வழிபாட்டை அப்படியே காக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கோயிலுக்குச் செல்வோர் செல்க. தேவாலயத்துக்குச் செல்வோர் செல்க. எங்கும் செல்லாதோர் செல்லாதிருக்க. வழிபாட்டை விடுவது நம் உரிமை. வரலாற்றை விடுவது நமக்கே நாம் செய்யும் தீங்கு.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் கையிலுள்ள தொலைபேசியும் போதும். உங்கள் ஊர்க் காவின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். அங்குள்ள மரங்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டுக் குறியுங்கள். பீடங்களின் பெயரையும், ஒவ்வொன்றின் கதையையும், கதை சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். இரு முதியோர் இருவகையாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், திருத்தாதீர்கள். வில்லுப்பாட்டையும் பறையடிகளையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். புதுக்கிக் கட்டும்முன் பழைய கல்லையும் செங்கல்லையும் இருந்த இடத்திலேயே படமெடுங்கள். தோண்டும்போது தாழியோ உருவமோ காசோ கிடைத்தால், எடுத்து ஒளிக்காமல் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். கிடைத்ததை மறைக்காது அறிவிக்குமாறு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் கோருகிறது. மண்ணிலிருந்து பிரித்த பொருள் பாதி ஊமையாகிவிடும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தது. பிறர் எழுதியதைப் படிக்கவும் தேர்வெழுதவும் வேலை பெறவும் அவ்வெழுத்து உதவியது. இனி அதே எழுத்தால், எழுதப்படாதிருந்த நம் ஏட்டை எழுதத் தொடங்குவோம். இலுப்பை மரத்தடிப் பாட்டி கேட்ட வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. அதே வினாவை அடுத்த தலைமுறை கேட்கும்போது, எடுத்துக் காட்ட ஒரு குறிப்பேடாவது நம் கழக நூலகத்தில் இருக்கட்டும்.